கடைசியாக வந்த மோரிஸ் மைனர்

தொண்ணூற்றொன்றாம் வருடம், ஸ்ரீபெரும்புதூர். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் போதும், கேட்கிறவர்கள் முகம் மாறிவிடும். அந்த வைகாசியில் நம் ஊரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். "நீங்க அப்ப அங்கதான் இருந்தீங்களா?" என்று குரலைத் தாழ்த்துவார்கள். இருந்தேன். ஆனால் அந்த வருடம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதற்கு மூன்று மாதம் முன்னால் வந்த மாசிதான். அந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்த ஏழு இங்கிலீஷ் கார்களோடு போட்டி போட்டு என் அப்பா கடைசியாக வந்தார். கடைசியாக வந்து ஜெயித்தார்.

ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் என்னோடு குப்பை கொட்டியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முழங்காலுக்குத் தைலமும் படிக்கக் கண்ணாடியும் வந்துவிட்டன. இனிமேல் உங்களிடம் பெருமையடிக்காமல் வேறு யாரிடம் அடிப்பது? போன வாரம் நம் வாட்ஸாப் குழுவில் ஒருத்தி, பெயர் சொல்ல மாட்டேன், ரேஸ் டிராக் வாட்ச்மேன் மகள் என்றால் உங்களுக்கே தெரியும், "உங்கப்பா ஒரு ஓட்டை வண்டி வெச்சிருந்தாரே" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை ஒன்றையும் போட்டிருந்தாள். ஓட்டை வண்டியாம். அவளும் அன்று அங்கேதான் இருந்தாள். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

அது மோரிஸ் மைனர். ஐம்பதுகளில் கப்பலில் வந்தது. திறந்த வண்டி. கித்தான் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் வானம் பார்த்தபடி உட்காரலாம். உடம்பு முழுக்கத் தயிர் நிறம், அப்பா தன் கையால் பிரஷ் போட்டு அடித்தது, அதனால் வெயில் பட்டால் பிரஷ் ஓடிய கோடெல்லாம் தெரியும். இப்போதைய கார் மாதிரி இண்டிகேட்டர் கிடையாது. கதவோரத்தில் ஒரு சின்னக் கை ஒளிந்திருக்கும். ஸ்விட்சைத் திருப்பினால் டக்கென்று வெளியே நீளும், உள்ளே மஞ்சள் விளக்கு எரியும். இடதுபக்கக் கை மட்டும் பாதியில் நின்றுவிடும். அதன் தலையில் ஒரு தட்டு தட்டி எழுப்பிவிடுவது என் உத்தியோகம். சீட்டில் மூக்கை வைத்தால் பழைய தோலும் மல்லிகையும் பன்னீரும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை வரும். நான் காலேஜ் சேர்ந்த வருடம் வண்டி கைமாறிப் போய்விட்டது. அந்த வாசனையை அப்புறம் எந்தக் கடையிலும் என்னால் வாங்க முடியவில்லை.

வண்டிக்கு வேலை மாப்பிள்ளை அழைப்பு. பென்னலூரில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கும், முகூர்த்த நாள் வந்தால் ஸ்ரீபெரும்புதூர், மணிமங்கலம் என்று சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் போகும். இந்தக் காலத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கே டிஜே வைக்கிறார்கள், அதனால் அன்றைய வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் கூப்பிடு தூரம். அதைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆக வேண்டும். முன்னால் நாயனமும் தவிலும், பின்னால் வண்டி, வண்டிக்குள் கோட்டும் மாலையும் போட்டு வியர்த்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை. வண்டி குலுங்கக் கூடாது. எஞ்சின் அணைந்துவிட்டால் அபசகுனம் என்று பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள்.

அதற்காக அப்பா ஒரு வழி வைத்திருந்தார். கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரில் இருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூவைக் கால் திருகு, அரைக்கால் திருகு என்று திருப்புவார். எஞ்சின் சத்தம் இறங்கி இறங்கி, இதோ அணையப் போகிறது என்கிற இடத்துக்கு வரும். அந்த இடத்தில் விட்டுவிடுவார். ரேடியேட்டர்மேல் நனைத்த கோணிப்பை போடுவார். மற்றதெல்லாம் இடது கால். தவிலில் ஒரு அடி விழும்போது கிளட்சை மயிரிழை அளவு விடுவார், அடுத்த அடிக்கு அமுக்குவார். வண்டி தவிலைக் கேட்டு நடக்கும். தெருமுனை வந்ததும் தவில்காரர் தீர்மானம் வைப்பார். ஒரே சொற்கட்டை மூன்று முறை அடித்துக் கடைசி அடியில் சட்டென்று நிறுத்துவதுதான் தீர்மானம். அந்தக் கடைசி அடியோடு அப்பாவின் கால் தானாகக் கீழே போகும், வண்டி நிற்கும், யாராவது ஆரத்தி எடுப்பார்கள். மறுபடி மேளம் தொடங்கினால் வண்டியும் தொடங்கும். பதினைந்து வருடம் அப்பாவின் கால் இப்படித்தான் வளர்ந்தது.

இப்படி ஆமை வேகத்தில் போகிற மனிதருக்கு ரேஸ் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அப்பாவுக்கு அது தலைக்கு மேல் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை முதலாளி சோழவரத்தில் ரேஸ் ஓட்டுகிறவர். பட்டறையை மூடும்போது, பின்கட்டில் செடி முளைத்துக் கிடந்த மோரிஸை அப்பாவிடம் எடுத்துப் போகச் சொன்னதும் அவர்தான்.

சோழவரம் கதைகளை அப்பா எப்போது சொல்வார் தெரியுமா? அம்மா எனக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுவேன். அப்பா அந்தப் பாட்டிலை வாங்கி ஆழமாக மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் காலத்து ரேஸ் எஞ்சினுக்கெல்லாம் விளக்கெண்ணெய் கலந்த ஆயில்தான் ஊற்றுவார்களாம். அது எரிகிற வாசனை மைதானம் முழுக்க நிற்குமாம். சண்டைக் காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளத்தில்தான் ரேஸ். வளைவுகளில் வைக்கோல் கட்டு அடுக்கியிருப்பார்கள். ஜனங்கள் டிபன் கேரியரில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து வெயிலில் உட்காருவார்கள். கூரையை அறுத்தெறிந்த ஆஸ்டின், சிவப்பு எம்ஜி, நீள மூக்கு ஜாகுவார். கண்ணைக் கட்டிவிட்டாலும் சத்தத்தை வைத்தே இன்ன வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவாராம். சொல்லும்போது வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும்.

தான் ஓட்டியதாக அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஓட்டவில்லை என்றும் சொன்னதில்லை. மீதியை நான் சேர்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் என் அப்பா சோழவரத்தில் மூன்று கோப்பை வாங்கினார். ஒருமுறை சக்கரம் கழன்று ஓடியும் மூன்று சக்கரத்திலேயே ஜெயித்தார். ஒரு வெள்ளைக்காரன் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். நீங்கள் வாயைப் பிளந்து கேட்டீர்கள், மறுக்காதீர்கள். கேட்காதவள் ஒருத்திதான். இருங்காட்டுக்கோட்டையில் புதிதாக ரேஸ் டிராக் வந்ததிலிருந்து வாட்ச்மேன் மகள் தானே ரேஸ் ஓட்டுகிற மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

"உங்கப்பா அவ்ளோ பெரிய ரேஸ்காரருன்னா எங்க டிராக்குல வந்து ஓட்டட்டும் பாக்கலாம். ஓட்டலைன்னா நீ புளுகுணிடி" என்றாள்.

பந்தயம் கட்டினோம். அப்பா டிராக்கில் ரேஸ் ஓடி ஜெயித்தால் வருடக் கடைசி வரைக்கும் அவள் என் பையைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் அவள் பையை. மொத்த வகுப்பும் சாட்சி.

அந்த வாரமே, ஏதோ நானே சொல்லிவைத்தது போல, ஒரு கல்யாணத்தில் தொப்பி போட்ட ஒருவர் மோரிஸைச் சுற்றிச் சுற்றி வந்து அப்பாவிடம் ஒரு தாள் கொடுத்தார். பழைய கார்களுக்கென்று டிராக்கில் ஒருநாள் விழாவாம், ரேஸும் உண்டாம், அவசியம் வரவேண்டுமாம். அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்து, போகப் போவதில்லை என்றார். எனக்குத் தலையில் இடி விழுந்தது. ரேஸ் என்றால் உயிரை விடுகிற மனிதர் ஏன் மாட்டேன் என்கிறார் என்று புரியவில்லை. அம்மாதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். ஏனென்றால் அம்மாவுக்கும் அந்த வண்டிக்கும் ஏழாம் பொருத்தம். கிரீஸ் கையோடு சோற்றில் கை வைப்பதற்கு ஒரு பாட்டு, கோணிப்பையை நனைக்கக் குடிதண்ணீரை எடுத்ததற்கு ஒரு பாட்டு. அன்றும் அவள் சும்மா இல்லை. மாசி முழுக்க முகூர்த்தம் இருக்கிறது, ரேஸில் கிளட்ச் தேய்ந்துபோனால் மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டா போவீர்கள் என்று கேட்டாள்.

நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். சாப்பிடவில்லை என்று அவர்கள் நினைத்தார்கள், அடுக்களையில் வெல்லம் இருந்தது. மூன்றாம் நாள் அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாளை நிரப்பி டிராக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அந்த ஒரு வாரம் வண்டிக்குக் கல்யாணக் களை. கல்யாண ஸ்க்ரூவை அப்பா முழுதாகத் திறந்துவிட்டார். எஞ்சின் உறுமியது. பிளக்கைத் தேய்த்தார், பிரேக்கைப் பிரித்தார், அடியில் படுத்தபடியே சாப்பிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஹைவேயில் ஒரு ஓட்டம் விட்டுப் பார்த்தார். சுங்குவார்சத்திரம் பக்கம் போய்த் திரும்பி வந்தவரின் தலைமுடி பின்னுக்குப் படிந்து கிடந்தது. முகம் இருபது வயசுப் பையன் முகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிராக்குக்குள் நுழைந்தோம். எத்தனை வண்டிகள். எத்தனை நிறங்கள். முகம் பார்க்கலாம் போல ஒரு கறுப்பு ஆஸ்டின். கிளிப்பச்சையில் ஒரு ஹெரால்டு. பெட்டி மாதிரி ஒரு ஃபோர்டு பிரிஃபெக்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர், ஒரு கிளீனர், நாய்க்குட்டியைத் தடவுவது போலத் தடவிக்கொண்டு ஒரு முதலாளி. நடுவில் எங்கள் பிரஷ் அடித்த மோரிஸ், பின்சீட்டில் புளிசாதத் தூக்கோடு அம்மா. விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தாளியை வரவேற்க மேளம் சொல்லியிருந்தார்கள். பார்த்தால், கல்யாணத்துக்கெல்லாம் எங்கள் வண்டிக்கு முன்னால் போகிற அதே மேளம். தவில்காரர் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மண்மேட்டில் நீங்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தீர்கள். வாட்ச்மேன் மகள் மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம், வீட்டுக்காரியாக.

ரேஸுக்கு முன்னால் வண்டிகளைச் சோதனை போட்டார்கள். நல்ல மனிதர்தான் சோதனை செய்தவர். குனிந்து முன் டயரை விரலால் தடவினார். வண்டியை நாலடி ஓட்டி பிரேக் போடச் சொன்னார். எழுந்து, மெதுவான குரலில், டயரில் ஒன்றுமே இல்லை, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, இந்த வண்டியை வேகமாக ஓட விடுவது உங்களுக்கே ஆபத்து என்றார். அப்பா சண்டை போடவில்லை. ஆமாம் சார் என்றார். கையைத் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சிவப்பு எம்ஜியிலிருந்து வெள்ளை மீசைக்காரர் ஒருவர் இறங்கி எங்களைப் பார்த்து வந்தார். கழுத்தில் சில்க் துணி. அப்பாவின் பழைய முதலாளி அவர். அப்பாவைத் தோளில் தட்டினார். அந்த மோரிஸா இது, இன்னும் உயிரோடு வைத்திருக்கிறாயா என்று சந்தோஷமாகத்தான் கேட்டார். கூட வந்தவர்களிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"சோழவரத்துல நமக்கு டயர் உருட்டுவான் இவன். ஸ்டியரிங் பக்கம் விட்டதில்ல. தள்ளுறதுல கில்லாடி."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் காது அடைத்துப் போனது. வாட்ச்மேன் மகள் ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். வேலிப் பக்கம் அவள் ஓடியதைப் பார்த்தேன். மண்மேட்டில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும், உங்களை மன்னித்துவிட்டேன், ஆனால் கேட்கும்.

அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் ஓட்டல. டயர் உருட்டனேன், வண்டி தள்ளனேன். அவ்ளோதான். நீ ஸ்கூல்ல இன்னா சொல்லிக்கினு இருந்தேன்னு எனக்குத் தெரியும். கேக்க நல்லா இருந்துச்சு. வுட்டுட்டேன்."

கோபம் அப்பா மேலா, என் மேலா என்று தெரியாத கோபம். வண்டியைத் திருப்புகிறேன், வீட்டுக்குப் போகலாம் என்று அப்பா எழுந்தார்.

அப்போதுதான் மைக்கில் அறிவித்தார்கள். பெரிய ரேஸுக்கு முன்னால் ஒரு வேடிக்கைப் போட்டி, ஸ்லோ ரேஸ். பள்ளிக்கூடத்தில் சைக்கிளில் விடுவோமே, அதே. தூரம் நூறு மீட்டர். கடைசியாக வருகிற வண்டி ஜெயித்தது. சக்கரம் ஒரு நொடி நின்றாலும் அவுட், எஞ்சின் அணைந்தாலும் அவுட். டயர், பிரேக் பார்க்க மாட்டார்கள், எந்த வண்டியும் வரலாம். அப்பா காதில் வாங்காத மாதிரி, வண்டியைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைத் தேடினார். ஊர்கோலம் விடுவதற்கா இங்கே வந்தேன் என்று முனகினார். அம்மா புளிசாதத் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

"வந்தாச்சில்ல. நம்ம வண்டி போற போக்கையும் இவங்க பாக்கட்டும்" என்றாள்.

சொல்லிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே வைத்தாள். கொடி பிடித்தவர் இது என்ன என்று கேட்டார். அம்மா நாலாவது பழத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். அப்பா பானெட்டைத் திறந்தார். ஒரு வாரமாக உறுமவிட்டிருந்த எஞ்சினை ஒரே நிமிஷத்தில், கால் திருகு, அரைக்கால் திருகு, கல்யாணத்துக்கு இறக்கினார்.

எட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சக்கரத்தைப் பார்த்தபடி நடக்க ஒருவர். கொடி இறங்கியது. எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது, அவ்வளவு மெதுவாக ஏறியது மோரிஸ். கிளிப்பச்சை ஹெரால்டு பத்தடியில் உதறிக்கொண்டு அணைந்தது. பிரிஃபெக்ட் நடுவில் நின்றுவிட்டது. இரண்டு வண்டிகள் பொறுமை இல்லாமல் ஓடிப்போய் முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டன. ரேடியேட்டர் கொதித்து ஒன்று புகைவிட்டது. கறுப்பு ஆஸ்டின் நன்றாகத்தான் வந்தது, அறுபது மீட்டரில் அதன் டிரைவர் தும்மினார், அத்தோடு சரி. மிச்சம் இரண்டே பேர். சிவப்பு எம்ஜியில் முதலாளி, மோரிஸில் அப்பா. முதலாளியும் லேசுப்பட்டவர் இல்லை. எத்தனை ரேஸ் பார்த்த கால். ஆனால் எம்ஜி வேகத்துக்குப் பிறந்த வண்டி, அதைப் பிடித்து இழுத்து நடக்கவைத்ததில் கிளட்ச் எரிகிற நாற்றம் வரத் தொடங்கியது.

விருந்தாளியை வரவேற்று முடித்துப் பந்தல் நிழலில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேளக்காரர்கள் இதைப் பார்த்தார்கள். நம்ம வண்டி ஊர்கோலம் போகிறது, நாம் சும்மா உட்கார்ந்திருப்பதா? தவில்காரர் கையைக் கழுவிக்கொண்டு தவிலை எடுத்து மாட்டினார். யாரும் சொல்லவில்லை, பாசத்தில் எடுத்தார். நாயனமும் சேர்ந்தது. முதல் அடி விழுந்ததும் அப்பாவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அதுவரை விறைப்பாக இருந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டார். மோரிஸ் இன்னும் மெதுவானது. சக்கரம் சுற்றுகிறதா என்று கூட நடந்தவர் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தார். சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மண்மேட்டில் சிரிப்பு நின்றுபோனது.

கோட்டுக்கு இன்னும் பத்து மீட்டர் இருக்கும்போது தவில்காரர் தீர்மானத்துக்கு எடுத்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தெருமுனை வந்தால் தீர்மானம் வைப்பது அவருக்குப் பழக்கம், கோடு நெருங்குவது அவருக்குத் தெருமுனையாகப் பட்டிருக்கும். முதல் முறை அடித்து முடித்தார். இரண்டாம் முறை தொடங்கினார். அதற்குள் என் பக்கத்தில் நின்றிருந்த அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள்.

என் அம்மா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புல்லைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, விசில் ஊதியவரைத் தாண்டி ஓடினாள். தவில்காரர் முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டி நின்றாள்.

"அண்ணே, தீர்மானம் வெச்சிடாதீங்க. நீங்க நிறுத்தனா அவரும் நிறுத்திடுவாரு."

மூன்றாம் முறையின் பாதியில் இருந்தார் தவில்காரர். கடைசி அடி விழ இன்னும் நான்கைந்து அடிதான். அவர் வண்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசி அடியை அப்படியே விழுங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தார். நாயனக்காரர் எங்கே போவதென்று தெரியாமல் ஒரு கணம் தவித்துப் பின்தொடர்ந்தார். தாளம் தெரிந்தவர் யாராவது அங்கே இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். அப்பாவின் இடது கால் கீழே போகத் தயாராக வந்து, அந்தரத்தில் நின்று, மறுபடி மேலே வந்தது. மோரிஸ் நகர்ந்தது.

அம்மா அந்த வண்டிக்கு விரோதி என்று பன்னிரண்டு வயது வரைக்கும் நம்பியிருந்தவள் நான். கல்யாணங்களில் கூட்டத்தின் ஓரமாக வண்டியை ஒட்டியே அவள் நடந்து வருவாள். பந்திக்கு முந்திக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தேன், எவ்வளவு மட்டமான நினைப்பு. அவள் பதினைந்து வருடமாக அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தக் கால் எப்போது என்ன செய்யும் என்று அப்பாவைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது.

முதலாளிக்கு மோரிஸைவிடப் பின்னால் போக வேண்டிய கட்டாயம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எம்ஜியை இழுத்துப் பிடித்தார். அது ஒரு குதி குதித்து, பெரிய மனிதர் ஏப்பம் விடுவது போல ஒரு சத்தம் போட்டு அணைந்தது. மைக்கில் அப்பாவின் வண்டி நம்பரைச் சொல்லி ஜெயித்தாகிவிட்டது என்றார்கள். அப்பாவுக்குக் கேட்கவில்லையோ, கேட்டும் சட்டை செய்யவில்லையோ. மீதித் தூரத்தையும் அதே வேகத்தில் போனார். விருந்தாளி, மற்ற ஏழு வண்டி முதலாளிகள், டிரைவர்கள், ஏழாம் வகுப்பு 'பி', எல்லோரும் எழுந்து நின்று அவர் கோட்டைத் தொடுவதற்காகக் காத்திருந்தீர்கள். மாப்பிள்ளை இல்லாத அந்த ஊர்கோலத்துக்கு அவ்வளவு கூட்டம். முன் சக்கரம் கோட்டைத் தாண்டிய பிறகு அம்மா தவில்காரரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் தீர்மானம் வைத்தார். அப்பாவின் கால் இறங்கியது. வண்டி நின்றது.

மண்மேட்டிலிருந்து விசில் பறந்தது. வேலியில் இருந்த ஓட்டை வழியாக நீங்கள் புகுந்து வந்தீர்கள். நான் அழுதேன், சிரித்தேன், புளிசாதத் தூக்கைக் கீழே போட்டேன். அப்பா மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சோழவரத்தில் அவர் டயர் உருட்டினால் என்ன? எத்தனை பேருக்கு அந்தக் கால் இருக்கிறது?

முதலாளி கழுத்துத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். கதவைத் திறந்து, அப்பாவின் இடது காலைக் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கால யாருப்பா உனக்குக் கத்துக்குடுத்தது?" என்றார்.

"மாப்பிள்ளைங்கதான் சார்" என்றார் அப்பா.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவரே மைக்கை வாங்கி, இவர் சோழவரத்தில் எங்கள் டீமில் இருந்தவர், இவர் தள்ளியிருக்காவிட்டால் நான் வாங்கிய கோப்பையில் பாதி வந்திருக்காது என்றார். காலையில் 'இவன்' என்றவர் மத்தியானம் 'இவர்' என்றார். வாட்ச்மேன் மகள் என்னிடம் வந்து, பையை வாங்கக் கையை நீட்டினாள். அன்று என்னிடம் பை இல்லை, புளிசாதத் தூக்குதான் இருந்தது. அதைத் தூக்கச் சொன்னேன். வருடக் கடைசி வரைக்கும் என் பையைத் தூக்கினாள், இரண்டு முறை வேண்டுமென்றே சேற்றில் போட்டாள், கணக்கில் வைத்திருக்கிறேன். வெள்ளி மாதிரி மினுங்கிய ஒரு கோப்பை கொடுத்தார்கள். அதில் அப்பா ரொம்ப நாள் நட்டும் போல்ட்டும் போட்டு வைத்திருந்தார். வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

கோப்பை கொடுத்த பிறகு, ஜெயித்த வண்டி டிராக்கை ஒரு சுற்று தனியாக வரலாம் என்றார்கள். வேறு வண்டி எதுவும் ஓடாது. காலையில் டயரைத் தடவிப் பார்த்த அதே மனிதர் வந்து, ஒரே ஒரு சுற்று, நிதானமாகப் போங்கள் என்று சொல்லிவிட்டுத் தடுப்பை விலக்கினார். அப்பா பானெட்டைத் தூக்கிக் கல்யாண ஸ்க்ரூவை மறுபடி திறந்துவிட்டார். எதிரில் அகலமாக, கறுப்பாக, ஒரு குழி இல்லாமல் கிடந்தது பாதை. நான் முன் கதவைத் திறக்க ஓடினேன். அப்பா என்னை நிறுத்தினார். அம்மாவைக் கூப்பிட்டார்.

பக்கத்தில் உட்காரச் சொன்னார். பின்சீட்டு இல்லை, முன்னால், தனக்குப் பக்கத்தில். அம்மா சுற்றியிருந்த அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு ஏறினாள். என்னை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று எனக்கு ஆத்திரம், அந்த வயதில் அது பெரிய துரோகம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. அப்பா முதல் கியரைப் போட்டு, பழக்கத்தில் கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டார். வண்டி நாலடி அசைந்தது. அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா மாமா, இங்கியும் ஊர்கோலந்தானா? மிதி."

அப்பா மிதித்தார். கதவு என் கையை உதறிக்கொண்டு போனது. முதல் வளைவில் தயிர் நிறம் ஒரு புள்ளியாகி மறைந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் மைதானத்தைச் சுற்றி வந்தது, அந்த வண்டிக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. கடைசி வளைவில் அவர்கள் திரும்பியபோது அம்மாவின் கொண்டை அவிழ்ந்து முடி பின்னால் பறந்துகொண்டிருந்தது. சோதனை அதிகாரி பாதையோரத்தில் நின்று இரண்டு கையையும் காட்டி நிறுத்தச் சொன்னார். அம்மா எழுந்து கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினாள். இன்னும் ஒரு சுற்று.

வண்டி எங்களைத் தாண்டிப் போனது.